சிறுத்தை வராத பாதை

ரகு,

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நீ திரையில் முதலாவதாகக் காட்டப்போகும் படத்தை எடுத்துவிடு. அது சிறுத்தையின் கால்தடம் இல்லை. என் பழைய ஹவாய் செருப்பு.

வேண்டுமானால் இன்னொரு தடவை படித்துக்கொள். அம்மா எது சொன்னாலும் ஒரு நிமிஷம் பொறுத்துத்தான் நம்ப வேண்டும் என்று நாலாம் வகுப்பிலேயே கண்டுபிடித்தவன் நீ. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி, கடைசிப் பெட்டிக்குள் "பரிசு உன் தலையணைக்கடியில் இருக்கிறது, முட்டாளே" என்று ஒரு சீட்டு. இப்படிப் பிறந்தநாள் கொண்டாடி உன்னைப் பழக்கியவள் நான். ஆபீஸில் இருந்த காலத்தில், திங்கட்கிழமை முதல் எல்லோரும் இடது கையால் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டினேன். மத்தியானத்துக்குள் பாதி செக்‌ஷன் இட்டுவிட்டது. "உனக்கு வயசு மட்டும்தான் மேலே போகுது, புத்தி பதினாறாவது ஸ்டாப்பிங்கிலேயே இறங்கிடுச்சு" என்று உன் அப்பா சொல்வார். அந்த ஸ்டாப்பிங்கில் நிழல் நன்றாக இருக்கிறது என்று நானும் பதில் சொல்வேன். இந்தக் கடிதத்தில் நிழல் கிடையாது. பெட்டிக்குள் பெட்டியும் கிடையாது. திறந்தவுடன் இருப்பதுதான் இருப்பது.

போன வாரம் உன் அறிக்கையை அனுப்பி, "சும்மா படிச்சுப் பாரும்மா, போரடிச்சா சொல்லு" என்றாய். போரடிக்கவில்லை. நம் மொட்டைமாடியிலிருந்து தெரியும் அந்தச் சின்ன ஏரிக்காட்டில் எந்தப் புதரில் கீரி, எந்தக் கரையில் நரி, எந்த மாதம் எந்தப் பறவை என்று நாற்பது பக்கம். வாக்கிங் என்ற பெயரில் டாக்கிங் நடத்திக்கொண்டு வருஷக்கணக்காக அந்தப் பாதையில் சுற்றியவள் நான். இதில் கால்வாசியைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. அடியில், "இப்பாதையில் சிறுத்தை நடமாட்டத்துக்கான முதல் பதிவு, எட்டு ஆண்டுகளுக்கு முன்." கடைசிப் பக்கத்தில், "ஆகையால் பாதையைத் திறப்பது உசிதமல்ல." நடுவே, ஒரு வருஷமாகக் கட்டிவைத்த கேமராக்களில் சிறுத்தை ஒன்றுகூட விழவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாய். இருந்தாலும் ஒரு தடவை வந்த இடத்துக்கு மறுபடியும் வரக்கூடும் என்று முடித்திருக்கிறாய். அந்த ஒரு தடவை வந்தது நான்தான், கண்ணா.

அந்தக் கடைசிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். காட்டுக்கு அந்தப் பக்கத்துத் தகர ஷெட்டுகளில் இருக்கும் ஹனூர், கொள்ளேகால் கூலிக்காரர்கள் மனுமேல் மனு கொடுத்ததால்தான், எட்டு வருஷமாகப் பூட்டிக்கிடக்கும் பாதையைத் திறக்கலாமா என்று பார்த்துச் சொல்ல வனத்துறை உன் குழுவை அனுப்பியிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு, இந்தப் பக்கம் வேலை. பாதையில் வந்தால் கால் மணி நேரம். சுற்றிக்கொண்டு ரிங் ரோடு வழியாக வந்தால் முக்கால் மணி நேரம், ஓரத்தில் நடக்க ஒரு அடி மண்கூட இல்லாத இடத்தில். நீ உசிதமல்ல என்று சொன்னால் அந்தப் பூட்டு இனி நிரந்தரம். அதனால்தான் எட்டு வருஷம் வாயில் வைத்திருந்ததை இப்போது துப்புகிறேன். வெள்ளிக்கிழமை காலை உனக்கு இதை அனுப்புகிறேன். சாயங்காலம் லேஅவுட்டின் வாக்கர்ஸ் குரூப்பிலும் இதையே, ஒரு வரி மாற்றாமல், போடப்போகிறேன். அவர்கள் படிக்கும் முன் நீ படித்து முடிக்க ஒரு பகல் இருக்கிறது.

நம் வாக்கர்ஸ் சங்கத் தலைவரை உனக்கு நினைவிருக்கும். கழுத்தில் விசில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார். இடப்பக்கம் நடக்காதவர்களுக்கு ஒரு ஊதல், செருப்போடு வருகிறவர்களுக்கு இரண்டு, நாயோடு வருகிறவர்களுக்கு மூச்சு முட்டும்வரை. நான் அவருக்கு வைத்த பெயர் குக்கர். கெட்டவர் இல்லை, ரகு. இதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு இடம் தனக்குச் சொந்தமில்லாதபோதும் அதைப் பெருக்கிக் கூட்டிக் காவல் காக்கிற மனுஷர்கள் உண்டு, அவர் அந்த ரகம். ஆனால் அந்தக் காவலில் அவருக்கு உறுத்தலாக இருந்தது ஒன்றே ஒன்று: காலை ஆறு மணிக்கு ஷெட்டுப் பக்கத்திலிருந்து வரிசையாக வரும் பெண்கள். அதில் முன்னால் வருகிறவள் செல்வி.

செல்வியை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகும் குரூப்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஏழு வருஷம் வேலை செய்தவள். மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ஹனூர்க்காரி. கணவன் மாதேசன் கட்டட மேஸ்திரி. ஒரே பெண், அப்போது ஒன்பது வயது. நான் ஆபீஸ் கிளம்பிய பிறகு என் மகனுக்குச் சோறு போட்டவள், பரீட்சைக்கு எழுப்பிவிட்டவள், ஜுரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள். குரூப்பில் அவளை 'அந்த ஆக்ஸிடென்ட் லேடி' என்று யாரோ எழுதியதைப் பார்த்தேன். அவள் பெயர் செல்வி.

ஒரு நாள் காலை அவர் அவளை வழிமறித்தார். நான் நாலடி பின்னால் இருந்தேன்.

"நில்லம்மா. இது வாக்கிங் டிராக். ஷார்ட்கட் இல்ல."

"நானும் நடக்கத்தானுங்க செய்யறேன். பறக்கலீங்களே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார். "நோடி, பாருங்க மேடம், நீங்களே சிரிச்சா எப்படி? கேட் போடணும், கார்டு கொடுக்கணும். கார்டு இல்லாதவங்க உள்ள வரக்கூடாது, அஷ்டே, அவ்வளவுதான்."

"சார், அவ நடக்கற வேகத்துக்கு நம்ம சங்கத்துல ஒருத்தராவது வர முடியுமா? நீங்க ரெண்டாவது விசில் ஊதறதுக்குள்ள அவ எங்க வீட்டுல ரெண்டாவது விசில் வெச்சிருப்பா."

பின்னால் வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் இறுகிப்போயிற்று. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது சொன்னாள்: "உங்களுக்கு வெளையாட்டுங்க்கா. நாளைக்கு அவரு என்னையத்தான் நிறுத்துவாரு, உங்கள இல்ல." அதை அன்றைக்கே கேட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. ஆனால் எனக்கு அன்றைக்கு என் ஜோக் பிடித்திருந்தது. கைதட்டு வாங்கிய ஜோக்குக்கு இரண்டாம் பாகம் எடுக்கிற ஆசை வந்துவிட்டது.

அந்தக் காட்டு வாசலில் ஒரு பலகை இருந்ததே, இங்கே காணக்கூடிய உயிரினங்கள் என்று, ஒவ்வொன்றின் கால்தடமும் நிஜ அளவில் வரைந்து. நீ சின்ன வயதில் உன் கையை அதன்மேல் வைத்து அளப்பாய். அதில் சிறுத்தைக்கும் ஒரு படம் இருந்தது, சாமுண்டி மலைப் பக்கம் சிறுத்தை உண்டு என்பதற்காகப் போட்டது. ஒரு சாயங்காலம் பட்டர் பேப்பர் கொண்டுபோய் அதைப் பிரதி எடுத்தேன். பழைய ஹவாய் செருப்பின் அடியை பிளேடால் வெட்டி நாலு விரல், ஒரு பாதம் செய்தேன். மரக்கட்டையில் ஒட்டி, கைப்பிடிக்குத் துடைப்பக் கட்டை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. விடிகிற நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் போய், ஏரிக்கரைச் சேற்றில், அவர் தினமும் முதல் ஆளாக விசிலோடு வரும் வளைவில், பதினோரு தடவை அழுத்தினேன். திட்டம் இவ்வளவுதான்: அவர் பார்க்க வேண்டும், ஓட வேண்டும், நான் புதருக்குப் பின்னாலிருந்து பார்த்து ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வேண்டும்.

அவர் ஓடவில்லை. குனிந்து பார்த்தார். பேனாவை எடுத்து அளவுக்காகத் தடத்தின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். நிதானமாக நாலு குரூப்பில் போட்டார். ஏழு மணிக்குள் சிறுத்தையின் தடத்தைப் பார்க்க இருநூறு பேர் வந்து, சிறுத்தையின் தடத்தை மிதித்தே அழித்துவிட்டார்கள். பயப்பட வேண்டியவர்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று, "எவ்வளவு பெரிசு" என்று வாயில் கைவைத்தேன். ஊரைப் பயமுறுத்தப் போய் பயந்தது நான் ஒருத்திதான். வனத்துறையிலிருந்து வந்தவர் சேற்றையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு, இந்தப் படத்தை மட்டும் வைத்து உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, கொஞ்ச நாள் ஜாக்கிரதையாக இருங்கள் என்றார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குக் காட்ட அந்தப் படம் ஒன்றுதான் இருந்தது, உண்மை தெரிந்த ஒருத்தி பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நாள் என்றார் அல்லவா. மறுநாளே சங்கத்தில் கூட்டம். ஒரு வாரத்தில் இரும்புக் கேட், கம்பி வேலி, பூட்டு, கார்டு. அவர் மூன்று வருஷமாகக் கேட்டும் கிடைக்காததை நான் ஒரு செருப்பால் வாங்கிக்கொடுத்துவிட்டேன். நடைபாதை தடைபாதையாயிற்று என்று குரூப்பில் எழுதி அதற்கும் பதினெட்டு சிரிப்புப் பொம்மை வாங்கினேன். இப்போது அந்த வரியைப் பார்க்கவே கூசுகிறது, ஆனால் அழிக்கவில்லை. தேடினால் கிடைக்கும்.

முதல் மணி நேரத்தில் சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் சங்கத்தைவிட்டு நீக்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு உன் ரூபத்தில் ஒரு சாக்கு வந்தது. பதினாறு வயதில் நீ எப்படி இருந்தாய் என்று உனக்கு மறந்திருக்கும். போனைவிட்டுத் தலை நிமிராத பையன், கேட்டால் ஒற்றை வார்த்தை, கதவைச் சாத்தினால் மறுபடி சாப்பாட்டுக்குத்தான் திறப்பாய். அந்தப் பையன் விடிகாலை ஐந்து மணிக்குத் தானாக எழுந்து, அப்பாவின் பழைய பைனாகுலரோடு வேலியோரம் போய் நின்றான். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினான். லைப்ரரியிலிருந்து புத்தகம் கொண்டுவந்தான். சாப்பிடும்போது பேசினான், ரகு. "அம்மா, ரெண்டாவது விரல்ல ஒரு வெட்டு இருக்கு பாரு, பழைய காயமா இருக்கும், பாவம்" என்று என்னிடமே காட்டினாய். அது பிளேடு நழுவின இடம். உன் அறிக்கையிலும் 'விரலில் பழைய காயம்' என்று வந்திருக்கிறது. இன்னொரு தடவை பார். படத்தில் தெரியும் இரண்டு தடத்திலும் அதே விரலில் அதே வெட்டு. இரண்டும் ஒரே கால். நாலு காலும் ஒன்றாக இருக்கிற மிருகம் உன் புத்தகங்களில் உண்டா?

உன் முகத்தில் வந்த வெளிச்சத்தை அணைக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழகான வாக்கியம், எட்டு வருஷம் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். இந்தக் காட்டுயிர்ப் படிப்புக்கு உன்னைச் சேர்க்கும் முன் நடந்த நேர்காணலில், எங்கள் ஏரியாவுக்கு ஒரு சிறுத்தை வந்தது என்றுதான் ஆரம்பித்ததாகச் சொன்னாய். அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன். உன் படிப்பு பொய் இல்லை. அந்த நாற்பது பக்கம் பொய் இல்லை. அடியில் நான் வைத்த முதல் செங்கல் மட்டும் பொய். அதை உருவினால் மேலே என்ன நிற்கும், என்ன விழும் என்பது எனக்குத் தெரியவில்லை. நீதான் பார்க்க வேண்டும், நான் தாங்கிப் பிடிக்க முடியாது.

கேட் வந்த பிறகும் பாதி ஷெட்டுக்காரர்கள் காட்டு வழியாகத்தான் வந்தார்கள். ஏரிக்கோடியில் கம்பியை வளைத்து ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டார்கள். எதிர்வீட்டுச் சமையல்காரம்மா அதில்தான் வந்தாள். செல்வி வரவில்லை. ரோடு வழியாக வந்தாள், தினமும் அரைமணி தாமதமாக, புழுதியும் வியர்வையுமாக. நான் ஒரு நாள் கேட்டேன்.

"ஏண்டி, சிறுத்தைக்கா பயம்?"

"எங்கூருப் பக்கம் சிறுத்தை ஆட்டுக்கு வரும்ங்க்கா. சத்தம் போட்டா ஓடிரும். எனக்கென்ன பயம்?"

"அப்புறம் எதுக்கு ரோட்டைச் சுத்திக்கிட்டு வர்றே?"

"அதொண்ணுமில்லீங்க்கா" என்று குழாயைத் திறந்துவிட்டாள்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள் என்றே நினைக்கிறேன். சொல்லியிருந்தால் நானும் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்த 'என்னவோ'வை வைத்துக்கொண்டு இப்போது ஒன்றும் செய்ய முடியாது.

மூன்று மாதம் கழித்து, மழைக்காலத்தில் ஒரு காலை. சுற்றி வந்தாலும் ஆறே முக்காலுக்கு வந்துவிடுகிறவள் ஏழு மணிக்கும் வரவில்லை. எனக்கு ஆபீஸில் ஆடிட். இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்: "மகாராணி இன்னிக்கு வருவீங்களா, இல்ல பல்லக்கு அனுப்பணுமா?" ரிங் ரோடு திருப்பத்தில் டிப்பர் லாரி அவளை அடித்துப் போட்டு அப்போது இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அந்த போனை மாதேசனிடம் கொடுத்தார்கள். அந்த மெசேஜை அவன் கேட்டானா என்று எட்டு வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்தது.

நீ அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. நானும் அழுதேன். அழுதுகொண்டே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன்: அவளுக்குச் சிறுத்தைப் பயம் இல்லை. வேலியில் ஓட்டை இருந்தது. மற்றவர்கள் அதில் வந்தார்கள். அவளாகத்தான் ரோட்டைத் தேர்ந்தெடுத்தாள். ஆகவே செருப்புக்கும் லாரிக்கும் சம்பந்தம் இல்லை. இந்த நாலு வரிதான் என்னை இத்தனை நாள் சோறு தின்னவைத்தது. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் தெரியாமலே போய்விட்டார். அவர் போன அன்று எனக்கு வந்த துக்கத்தில் கால் பங்கு, இனி இதைச் சொல்ல ஆள் இல்லை என்கிற நிம்மதி. இப்படி எழுதுவதற்கு என்னை மன்னிக்காதே, ஆனால் தெரிந்துகொள். பொய் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டால் அது எந்தெந்த அறைக்குள் போகும் என்று உனக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

உனக்கு நான் தரக்கூடிய புத்திமதி கொஞ்சம்தான். ஒரு படத்தை நம்பும் முன், அது எடுக்கப்பட்ட நாளில் அங்கே யாருக்கு யார்மேல் கோபம் இருந்தது என்று கேள். அதை உன் கேமராக்கள் சொல்லாது. விளையாடினால் நம்மைவிட வசதியானவனோடுதான் விளையாட வேண்டும் என்று நினைத்துத்தான் நானும் விளையாடினேன். தலைவர் மேல் எறிந்த கல் அவர் தலைக்கு மேலே போய், அவருக்குப் பின்னால் சுமையோடு வந்துகொண்டிருந்தவள் மேல் விழுந்தது. குறி வைப்பவர்கள் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதில்லை. அறிக்கை எழுதுகிறவர்களும் சில சமயம் பார்ப்பதில்லை, கண்ணா. உன் நாற்பது பக்கத்தில் நரிக்கு மூன்று பக்கம் இருக்கிறது. அந்தப் பாதையில் நடந்து வேலைக்குப் போனவர்களுக்கு ஒரு வரி: 'மனித இடையூறு.'

புதன்கிழமை மாதேசனைப் பார்க்கப் போனேன். அவன் இன்னும் அதே ஷெட்டில்தான் இருக்கிறான். மகள் ஹனூரில் அத்தை வீட்டில். வாசலில் உட்கார்ந்து பூச்சுக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க மேடம். தம்பி நல்லாருக்கறாங்களா? ஞாயித்துக்கெழமை அவருதான் பேசறாருன்னாங்க. நம்ம தம்பி, நமக்கு நல்லதாத்தான் சொல்லுவாரு."

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, பட்டர் பேப்பர், பிளேடு, பதினோரு தடவை. முடிந்ததும் கேட்டான்.

"செருப்புங்களா?"

"ஆமா."

"அப்ப சிறுத்தையே வரலீங்களா?"

"வரலை மாதேசா."

உட்கார்ந்து கரண்டியை மறுபடி கழுவ ஆரம்பித்தான். அதில் சாந்தே இல்லை. அதைப் பார்க்கத் தாங்காமல் என் நாலு வரிக் கணக்கை அவனிடமே சொன்னேன், ரகு. அவ்வளவு கேவலம். "அவளுக்குத்தான் பயமே இல்லையே. ஓட்டை வழியா வந்திருக்கலாமே" என்றேன்.

"பயமில்லீங்க. எனக்குத்தான் பயம்" என்றான். தலை நிமிரவில்லை. "அந்தப் படத்தை டிவில காட்டுனாங்க. அன்னைக்கு நாந்தான் மாதப்பன் மேல ஆணை வாங்குனேன், அந்தக் காட்டுல காலே வெக்கமாட்டேன்னு சொல்லுன்னு. சிரிச்சாளுங்க. அந்தச் சாமியே புலி மேல வர்ற சாமி, அது பார்த்துக்கும் போய்யான்னா. நான் விடலீங்க. கையைப் புடிச்சுச் சத்தியம் வாங்கிட்டேன். அதுக்கப்புறம் எப்படிங்க போவா?"

மாதப்பன், அதுதான் அந்த மாதேஸ்வரன் மலைச் சாமி, மேல் ஆணையிட்டால் அந்தப் பக்கத்துக்காரர்கள் அதை மீற மாட்டார்கள். வம்சத்துக்கே ஆகாது என்பார்கள். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செல்வி குழாயைத் திறந்துவிட்டு விழுங்கியது அந்தப் பதிலைத்தான்.

"எட்டு வருசமா நான் மலைக்குப் போகலீங்க மேடம். சிறுத்தைகிட்ட இருந்து சாமி காப்பாத்திக் கொடுத்தவளை நாந்தான் லாரிகிட்டக் கொண்டுபோய் விட்டேன்னு. எம் பொண்ணும் அதையேதான் சொல்லுது. நீ அனுப்புனதாலதான் அம்மா செத்துச்சுன்னு. எங்கிட்டப் பேசி மூணு வருசமாச்சு."

நான் கையைக் கூப்பினேனா, என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவன் என்னைத் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய் நின்றுகொண்டான். உள்ளேயிருந்தே சொன்னான்: "பல்லக்குன்னு ஒரு மெசேஜ் போட்டிருந்தீங்க. கேட்டேனுங்க. உங்க பேச்சே அப்படித்தான்னு அவ சொல்லுவா, அதனால அப்ப ஒண்ணும் நெனைக்கலை." பிறகு, "இதை எங்கிட்டச் சொன்னாப் பத்தாதுங்க. கூட்டத்துல சொல்லுங்க. எம் பொண்ணை வரச்சொல்றேன். அவ காதுல விழணும்" என்றான். போங்க என்று சொல்லவில்லை. கதவை மட்டும் சாத்தினான்.

ஆக ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப்போகிறேன் என்பது முடிவாகிவிட்டது. செருப்புக் கட்டையைப் பரணிலிருந்து எடுத்துவைத்திருக்கிறேன். தலைவர் அன்றைக்கு எடுத்த படமும் அந்தக் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யாரும் சந்தேகப்பட இடமில்லை. சட்டப்படி என்ன வருமோ வரட்டும், அதற்கு நீ வக்கீல் தேடாதே. குரூப்பில் என்னைப் பற்றி எழுதுவார்கள். அதற்கெல்லாம் பதில் எழுதாதே, அம்மாவைப் பற்றி அவர்கள் எழுதப்போவது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நீ பேச விரும்பாவிட்டால் என்னோடு பேசாதே. மாதேசனின் மகள் அவள் அப்பாவோடு பேசாத மூன்று வருஷத்தைவிட அது நீளமாக இருந்தாலும் எனக்குக் கேட்க வாயில்லை. உன் கடைசிப் பக்கத்தை எப்படி மாற்றி எழுதுவது என்று நான் சொல்லமாட்டேன். அது உன் வேலை. படம் இல்லாமல் அந்தக் காட்டை இன்னொரு தடவை நடந்து பார்த்துவிட்டு எழுது, அவ்வளவுதான்.

மேடையில் யார் யார் பேச வேண்டும் என்ற பட்டியல் உன் கையில் இருக்கும். அதில் என்னை முதலில் போடு. அம்மா என்று கூப்பிடாதே. முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, எழுந்து வருகிறேன். கூட்டம் பத்து மணிக்கு என்று போட்டிருக்கிறீர்கள். ஹனூரிலிருந்து அந்தப் பெண் வரும் பஸ் பத்தேகாலுக்குத்தான் ரிங் ரோடு திருப்பத்தில் நிற்கும், அங்கிருந்து அவள் நடந்து வர வேண்டும். அவள் வந்து உட்காரும்வரை ஆரம்பிக்காதே.

அம்மா